அவளுடைய பேட்டியில் என் பெயர் இல்லை

கேள்வி:

திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். வயது 45. 2002 சமாதான காலத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தோம். மூதூர், சம்பூர், வெருகல் என்று ஊர் ஊராகப் போய் மரத்தடியில் நாடகம் போட்டோம். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் பிள்ளைகளுக்காகச் செய்தோம். 2006இல் சண்டை திரும்பத் தொடங்க, குழு சிதறிவிட்டது. எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, கல்யாணம் முடித்தேன், மேடையை விட்டேன்.

எங்களில் எல்லோருக்கும் இளையவள் ஒருத்தி கொழும்புக்குப் போனாள். பிறகு வெளிநாட்டில் படித்துவிட்டு இப்போது ஊருக்குத் திரும்பி வந்து ஒரு நடை நாடகம் செய்கிறாள். பார்க்க வருபவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோட்டை வாசலடியிலிருந்து டச்பே கடற்கரை வழியாக நடக்க வேண்டும். ஊர் அம்மாமார் சொன்ன கதைகள் காதில் கேட்கும், இடையிடையே நடிகர்கள் வருவார்கள். ரீவி, பத்திரிகை, வானொலி எல்லாவற்றிலும் அவள்தான். "நடிப்பு யாரிடம் கற்றீர்கள்?" என்று ரீவியில் கேட்டதற்குக் கொழும்பு நெறியாளர் ஒருவரின் பெயரைச் சொன்னாள். மேடையில் குரலெடுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். செய்தியில் காட்டிய துண்டில் ஒரு கிணற்றடிக் காட்சி வந்தது. மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னதை வைத்து எங்கள் குழு ஒத்திகையில் கட்டிய காட்சி அது.

முகநூலில் "வாழ்த்துகள் தங்கச்சி" என்று போட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. இப்போதும் சரியாக வருவதில்லை. நான் பொறாமைக்காரியா? அவளிடம் கேட்கலாமா, பேசாமல் விட்டுவிடுவதா? போதாக்குறைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் அந்த நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வாசகி, உவர்மலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

பொறாமை இருக்கிறது. இல்லை என்று நான் எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆனால் மனதில் பொறாமை வந்து போவதும் ஒருவர் பொறாமைக்காரியாக இருப்பதும் ஒன்றல்ல. பொறாமைக்காரி இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், அந்த நாடகம் சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவார். நீங்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டு நித்திரையில்லாமல் கிடக்கிறீர்கள்.

ஏன் இவரைப் பார்த்து மட்டும் இப்படி வருகிறது? சென்னையில் ஒரு நடிகைக்கு விருது கிடைத்தால் நீங்கள் செய்தியை வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். இதே தங்கச்சி டொக்டராகித் திரும்பி வந்திருந்தால், "எங்கட குழுப் பிள்ளை" என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். மனிதர் தம்மை எடைபோடுவது எட்டாத உயரத்தில் இருப்பவரோடு அல்ல, தம்மைப் போன்றவரோடுதான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். பிறகு வந்த ஆபிரகாம் டெசர் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஆள் நெருக்கமானவராகவும் இருந்து, அவர் வென்ற துறை நமக்கு உயிரான துறையாகவும் இருந்தால்தான் வலி கூடும் என்பது அவர் கருத்து. 1980இல் அவரும் சிமித் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் குறிப்புக் கொடுக்க, மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா விளையாட்டு என்று சொன்னபோது ஆட்கள் நண்பருக்கு இலகுவான குறிப்புகளைக் கொடுத்தார்கள். இது முக்கியமான திறமையை அளக்கும் சோதனை என்று சொன்னதும் அறிமுகமில்லாதவரை விட நண்பருக்குக் கஷ்டமான குறிப்புகள் போயின. எல்லோரும் சாதாரண, நல்ல மனிதர்கள்தான். ஆகவே உங்களுக்கு வந்திருப்பது விநோதமான வருத்தம் இல்லை. நாடகம் இன்னும் உங்களுக்கு உயிராக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இனி, உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தபோது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாடகத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை! பேட்டி பார்த்திருக்கிறீர்கள், செய்தித் துண்டு பார்த்திருக்கிறீர்கள், பத்திரிகை வாசித்திருக்கிறீர்கள். உவர்மலையிலிருந்து டச்பேக்கு ஓட்டோவில் எவ்வளவு நேரம்? உங்கள் நித்திரையைக் கெடுத்தது ஒரு நாடகம் அல்ல, ஒரு நாடகத்தைப் பற்றிய சில நிமிடச் செய்தி.

அந்தச் சில நிமிடங்கள் எப்படித் தயாராகின்றன என்று யோசித்துப் பாருங்கள். கமராவோடு வருகிறார்கள், மணித்தியாலக் கணக்கில் கேட்கிறார்கள், ஒளிபரப்பாவது கொஞ்சம். வெட்டுபவருக்கு வேண்டியது ஒரு முகம், ஒரு கதை, பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயர். கொழும்பு நெறியாளரின் பெயர் பலருக்குத் தெரிந்தது, அது தங்கும். இருபது வருஷத்துக்கு முன் திருமலையில் குரலெடுக்கச் சொல்லித் தந்த ஓர் அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தாலும் முதலில் வெட்டுப்படுவது அதுதான். சொல்லவே இல்லை என்றும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி எத்தனையோ இரவு அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்திருப்பீர்கள்.

பெயர் விடுபடுவது நம் அரங்கில் புதிதும் அல்ல. கூத்தில் அதைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் பெயர் நிற்கும், இராசா வேஷம் கட்டியவரின் பெயர் நிற்கும். பின்னால் நின்று விடிய விடியப் பிற்பாட்டுப் பாடியவர்களின் பெயர்கள்? அவர்கள் அடியை வாங்கித் திரும்பப் பாடாவிட்டால் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரமே இராது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த வரலாற்றை நீங்களே வகுப்பில் படிப்பிப்பீர்கள். அதில் எத்தனை மாணவரின் பெயர் உங்களுக்கு வரும்? கோபிக்காமல் இதையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன, உங்களுடையதும் அவருடையதும் (இங்கே இரண்டையும் எடுத்துவிட்டேன்). குழுவின் மற்ற ஏழு பேரும் "நாங்கள்" என்ற சொல்லுக்குள் போய்விட்டார்கள். நீங்கள் வேண்டுமென்று விடவில்லை, கதை சொல்லும்போது அப்படி நடந்துவிடுகிறது.

சரி, கிணற்றடிக் காட்சிக்கு வருவோம். இது வேறு விஷயம், இதில் உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கக்கூடும். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் கலைஞர்கள் அடிக்கடி கேட்பதால் அடிப்படையைத் தெரிந்து வைத்திருக்கிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அது உருவானதுமே பாதுகாப்பு வந்துவிடும். ஆனால் வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கிணற்றடியில் பெண்கள் கூடிக் கதைப்பதாக யாரும் காட்சி வைக்கலாம். நீங்கள் கட்டிய வசனம், பாட்டு, அதை அடுக்கிய விதம் அப்படியே வந்திருந்தால்தான் கேள்வி எழும். ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஆக்கினால் அந்தப் பலரும் ஆக்கியோர்.

அந்தப் பலரில் அந்தத் தங்கச்சியும் ஒருவர், அதை மறக்க வேண்டாம். அவர் உங்கள் வீட்டுக்குள் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பொதுவாக இருந்ததை எடுத்து, பொது என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்னொன்று, அந்தக் காட்சியின் வேர் மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த நடை நாடகம் ஊர் அம்மாமாரின் குரல்களைப் பதிவு செய்து கட்டியது. அவரோ அவரைப் போன்ற இன்னொருவரோ அதே கதையைத் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார்களா? பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. இப்போது சட்டத்தரணி வீட்டுப் படியேறுவதும் தேவையில்லாத வேலை.

ஆகவே முதலில் போய்ப் பாருங்கள். வாழ்த்தவும் வேண்டாம், பிழை பிடிக்கவும் வேண்டாம், ஒரு நாடகக்காரியாகப் பாருங்கள். ஹெட்போனில் குரல் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, கடல் இரைச்சலை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள், நடக்கிற கூட்டத்தை நடிகர் எப்படி நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். நன்றாக இருந்தால் உங்களுக்கே தெரியும். சுமாராக இருந்தாலும் தெரியும், அதை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

தனியாக மட்டும் போகாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் நித்திரையின்மை முழுவதையும் பொறாமையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்தவர் நீங்கள். 2006இல் மாவிலாறில் சண்டை தொடங்கி மூதூர், சம்பூர் எல்லாம் இடம்பெயர்ந்தபோது, நீங்கள் மரத்தடியில் நாடகம் போட்ட ஊர்களே வெறுமையாகிப் போயின. அந்த வருஷங்களை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்: "குழு சிதறிவிட்டது." அந்தப் பார்வையாளர்களில் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற நினைப்பு உங்களுக்குள் எங்கோ இருக்கும். இப்போது அதே கடற்கரையில், அதே ஊர் அம்மாமாரின் குரலில், கிணற்றடிக் காட்சி திரும்ப வருகிறது. மனம் பழையதைக் கிளறாமல் இருந்தால்தான் புதுமை. பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மூடிவிடலாம், துக்கத்தை அப்படி மூட முடியாது. அதனால் கணவரோடோ, குழுவில் இப்போதும் ஊரில் இருக்கும் ஒருவரோடோ போங்கள். இடையில் நெஞ்சு கனத்தால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கரையில் இருங்கள். பாதியில் எழும்பி வருவது அவமரியாதை இல்லை.

பார்த்த பிறகு அவரோடு கதையுங்கள், நேரில். முகநூல் கருத்துப் பகுதியில் வேண்டாம், மெசஞ்சரில் நடுச்சாமத்தில் நீளமாக எழுதுவது அறவே வேண்டாம், பழைய குழுவின் வட்ஸ்அப்பில் போட்டுப் பஞ்சாயத்துக் கூட்டவும் வேண்டாம். திருமலை சின்ன ஊர். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலிலோ மரக்கறிச் சந்தையிலோ எப்படியும் முகத்துக்கு முகம் சந்திக்கத்தான் போகிறீர்கள். ஒரு பிளேன்ரீ குடிக்கக் கூப்பிடுங்கள். காட்சி உங்களுடையதுதான் என்று பார்த்துத் தெரிந்துகொண்டால், கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்:

"தங்கச்சி, பார்த்தேன். கிணற்றடி வந்ததும் எனக்கு எங்கட ஒத்திகை ஞாபகம் வந்திட்டுது. அது எங்கட குழுவில கட்டின காட்சி எண்டு நோட்டீஸில ஒரு வரி போட்டால் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷமாயிருக்கும்."

இவ்வளவும் போதும். "உனக்கு இப்ப எங்கள எல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்ற குத்தல் வாயில் வரும், விழுங்கிவிடுங்கள். "உனக்குச் சொல்லித் தந்ததே நான்தான்" என்பதையும் அன்றைக்கு எடுக்க வேண்டாம். அது உண்மைதான். ஆனால் அப்படி நீங்களே கேட்டு வாங்கும் நன்றி உங்களுக்கே இனிக்காது. குழுவின் பெயரைக் கேட்பது வேறு. அது கணக்குச் சரிபார்ப்பது, அதை யாரும் வெட்கமில்லாமல் கேட்கலாம். அவர் ஓம் என்றால் நல்லது. "அதெல்லாம் ஏன் அக்கா" என்று மழுப்பினால், அப்போது நீங்கள் தாராளமாகக் கோபப்படலாம், நானும் உங்கள் பக்கம். அந்த நேரத்தில் பழைய எழுத்துப் பிரதி, படங்கள், ஒத்திகைக் குறிப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று தேடுங்கள். உண்மையில், சண்டை வந்தாலும் வராவிட்டாலும் அவற்றைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி வைப்பது நல்லது. நம் ஊரில் எத்தனையோ குழுக்களின் நாடகங்கள் இடப்பெயர்வோடு போய்விட்டன.

"மேடையை விட்டேன்" என்ற இரண்டு சொற்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு மேடையை விட்டாலும் வகுப்பில் எத்தனை நடிகர்களை உருவாக்குகிறீர்கள் என்று நான் ஆறுதல் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது அருமையான வேலை, ஆனால் நீங்கள் நடிப்பது அது அல்ல. 2006இல் சம்பளம் வரும் வேலையைப் பிடித்துக்கொண்டது புத்தி. அந்தக் காலத்தில் இரவில் ஒத்திகை வைத்துவிட்டு வீடு திரும்புவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்தத் தங்கச்சிக்குக் கொழும்பு ஒரு கதவைத் திறந்தது, உங்களுக்கு இங்கே எல்லாம் பூட்டியிருந்தது. அது அவருடைய பிழை இல்லை, உங்களுடையதும் இல்லை. 2009க்குப் பிறகு நீங்கள் ஏன் திரும்பவில்லை என்பதற்கும் காரணங்கள் இருக்கும். வீடு, பிள்ளைகள், பாடவிதானம். நான் விசாரணை நடத்தவில்லை. இப்போது வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

வேண்டுமென்றால் சின்னதாகத் தொடங்குங்கள். மார்ச் 27 உலக அரங்க தினம். அன்றைக்கு, ஊரில் இருக்கும் பழைய குழு ஆட்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து உங்கள் பழைய பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வாசிக்கலாம். மேடை, ஒளி, உடுப்பு எதுவும் வேண்டாம். இடத்துக்கு, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். பாடசாலை மண்டபமும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அவருக்குப் பதில் காட்டுவதற்காகச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் வந்த ஆட்களின் தொகையையும் பத்திரிகையில் வந்த அங்குலத்தையும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள், நாடகம் கையைவிட்டுப் போகும்.

நித்திரைக்கு: இரவில் முகநூலை மூடுங்கள். அவரைப் பற்றிய பதிவுகளை நீங்கள் திறக்கத் திறக்க அது இன்னும் இன்னும் கொண்டுவந்து போடும், அதன் வேலையே அதுதான். அப்புறமும் சரிவராவிட்டால், பழைய காட்சிகள் கனவில் வரத் தொடங்கினால், பிரதேச செயலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. இரவில் தாங்க முடியாமல் இருந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் நீங்கள் ஒரு தரம் பார்த்த பிறகு. கடலில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள், எந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மேடையே இல்லாத அரங்கைப் பற்றிக் கரும்பலகையில் படம் கீறி விளங்கப்படுத்துவதை விட இது எவ்வளவோ மேல். மாலைக் காட்சியாகப் பாருங்கள், மத்தியான வெயிலில் அந்த மணலில் நடக்க முடியாது. பெற்றோரின் சம்மதக் கடிதம் எல்லாரிடமும் வாங்குங்கள். அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்குப் போக வேண்டிய அனுமதிக் கடிதத்தை மட்டும் இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து பதில் வர எவ்வளவு நாள் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.